வெந்நித் தொட்டிக்கு மஞ்சள் போட்ட பவுனு

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகிற சாலையில், மலை ஏறுவதற்குச் சற்று முன்னால், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே மூன்று ஓட்டு வீடுகள் இருந்தன. வீடு என்று சொன்னால் முதலாளி சுந்தர்ராஜுக்குக் கோபம் வந்துவிடும். காட்டேஜ் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் தூத்துக்குடிக்காரர். துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, மளிகை ஏற்றிக் கொடுக்கிற வியாபாரம். கப்பல்காரர்களோடு பழகிப் பழகி, கடற்கரைப் பக்கம் நாலு காட்டேஜ் கட்டி, ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு வெந்நீர்த் தொட்டியைப் பதித்தார். கப்பலில் வந்த தொட்டிகள். நாலு பேர் கால் நீட்டி உட்காரலாம். மோட்டாரைப் போட்டால் தண்ணீர் சூடாகி, பக்கத்துத் துளைகளிலிருந்து குமிழியாகப் பொங்கும். எல்லாம் சரிதான். தூத்துக்குடி வெயிலில் வெந்நீருக்குள் போய் உட்கார ஆள் கிடைக்க வேண்டுமே! வந்தவர்கள் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, உள்ளே போய் ஏசியைப் போட்டுப் படுத்தார்கள்.

அங்கே ஓடாதது குளிர்ந்த மலையடிவாரத்தில் ஓடும் என்று கணக்குப் போட்டு, இரண்டாயிரத்து ஏழில் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார். ஒரே ஒரு தொட்டியை மட்டும் லாரியில் ஏற்றி வந்து, நடுக் காட்டேஜின் முன்னால் திறந்த வெளியில் பதித்தார். பால் மாதிரி வெள்ளைத் தொட்டி. அதற்கும் மூன்று காட்டேஜுகளுக்கும் கூட்டுவது, துடைப்பது, சமைப்பது, சாவியைப் பார்த்துக்கொள்வது எல்லாம் பவுனு. தோட்டத்துக்கும் கேட்டுக்கும் அழகுமலை. மனிதர் வேலையை நாளைக்குத் தள்ளுவாரே தவிர, வாயை ஒருநாளும் தள்ளிப்போட மாட்டார்.

பவுனைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் அறைக் கதவிலிருந்து தொடங்குவதுதான் முறை. அவள் புருஷன் குமுளிப் பாதையில் ஜீப் கவிழ்ந்து செத்துப் போனபோது அவளுக்கு முப்பது வயதுகூட இல்லை, பிள்ளையும் இல்லை. அண்ணன் செல்லப்பாண்டி வந்து சின்னமனூருக்கு அழைத்துப் போனார். அவருக்குப் பருப்பு, பயறு மொத்த வியாபாரம். நல்ல மனிதர், ஆனால் வீட்டுக்குள் அவர் குரலை யாரும் கேட்டதில்லை. நடையில் அடுக்கியிருந்த மூட்டைகளுக்கு நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம் பவுனுக்கு. அந்த இடத்தில் பதினைந்து வருஷம் படுத்து எழுந்தாள். மதினி அடித்ததில்லை, சோற்றுக்குக் குறை வைத்ததில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கொல்லைக்குப் போகிறவர்கள், கடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் போனார்கள். கண்ணை மூடினால் "பவுனு!" என்று ஒரு குரல் வரும். சேலை மாற்ற வேண்டுமென்றால்கூட யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே மாற்ற வேண்டும்.

காட்டேஜ் அடுப்படிக்குப் பின்னால் அவளுக்கென்று ஓர் அறை கொடுத்தார்கள். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு. வந்த அன்று மத்தியானம் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள், திரும்பப் போட்டாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து சும்மா இருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அடேயப்பா, இந்த உலகத்தில் இப்படியும் ஒரு சுகம் இருக்கிறதா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த வேலை போனால் அந்தக் கதவும் போய்விடும். அவளுக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

மறு வருஷம், வீரபாண்டித் திருவிழா முடிந்த கையோடு, திண்டுக்கல்லிலிருந்து பீட்டர்ராஜ் என்பவர் மனைவி அமுதாவோடும் ஏழு வயது மகள் ஜெசியோடும் வந்து இறங்கினார். காரை விட்டு இறங்கியதும் ஜெசி தொட்டியை நோக்கித்தான் ஓடினாள். சாயங்காலம் மோட்டாரைப் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் வருவதற்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மேல் கொதித்தது. மறுநாள் காலையில் நெற்றியிலும் கழுத்திலும் முத்து முத்தாகப் போட்டிருந்தது. அமுதா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"யம்மா, பதறாதீக. ஆத்தா வந்திருக்கா," என்றாள் பவுனு. "வந்தவ இருந்துட்டுக் குளுந்து போவா. புள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த வெயில்ல அலையக் கூடாது. இங்கனயே இருங்க."

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்கக்கா. எங்களுக்கு இந்த முறையெல்லாம் சரியாத் தெரியாது."

"எங்க போனா என்னம்மா, மேலு எல்லாருக்கும் ஒண்ணுபோலத்தான எரியும்? வேப்பெல எல்லாருக்கும் குளுச்சிதான்."

சின்னமனூரிலிருந்து டாக்டரும் வந்து பார்த்தார். மாத்திரை கொடுத்து, பயப்பட ஒன்றுமில்லை, சொறிய விடாதீர்கள், காயும் வரை பயணம் வேண்டாம் என்று அவரும் அதையே சொல்லிவிட்டுப் போனார். லீவு இல்லாததால் பீட்டர்ராஜ் ஊருக்குத் திரும்பினார். தாயும் மகளும் தங்கினார்கள். பவுனு கேட்டில் ஒரு கொத்து வேப்பிலை செருகினாள். கட்டிலில் வேப்பிலை பரப்பிப் பிள்ளையைப் படுக்க வைத்தாள். அடுப்படியில் தாளிப்பதை நிறுத்தினாள். கூழும் மோரும் இளநீருமாகப் போயிற்று. அமுதா ஒரு பக்கம் ஜெபமாலை உருட்டினாள், பவுனு மறு பக்கம் உட்கார்ந்து வேப்பங்குழையால் தடவிக் கொடுத்தாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சிக்கலும் வரவில்லை.

சிக்கல் எல்லாம் ஜெசியிடம்தான். ஜன்னல் வழியாகத் தொட்டி தெரிந்தது. "நான் தொட்டியில குளிக்கவே இல்ல," என்று மேல் எரிச்சலோடு அதையும் சேர்த்து அழுதாள். பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்கவில்லை பவுனுக்கு.

"அழுகாத தாயி. முத்து எறங்கட்டும். தலைக்குத் தண்ணி ஊத்துற அன்னிக்கு ஒன்னய அந்தத் தொட்டியிலதான் எறக்குவேன். இது பவுனு வாக்கு."

வாக்குக் கொடுத்தபோது அவள் ஒன்றையும் யோசிக்கவில்லை. யோசித்துப் பார்த்தபோது அதுவே முறைக்கும் ஒத்து வந்தது. அம்மை இறங்கின பிள்ளைக்கு ஊற்றுகிற தண்ணீரை அடுப்பில் வைக்கக் கூடாது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைக்க வேண்டும். வெயில் சூடாக்கிக் கொடுத்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். காட்டேஜில் ஏது அண்டா? ஷவரும் பிளாஸ்டிக் வாளியும்தான். நாள் முழுக்க வெயில் விழுகிற இடத்தில், பெரிய பாத்திரமாக, அந்தத் தொட்டி ஒன்றுதான் இருந்தது. மோட்டாரைத் தொடாமல் விட்டுவிட்டால் ஆத்தாளுக்கும் குற்றமில்லை.

முத்தெல்லாம் காய்ந்து உதிர்ந்தபின், ஒரு நல்ல வெயில் நாளாகப் பார்த்து, காலையிலேயே குழாயைப் போட்டுத் தொட்டியை நிரப்பினாள். வேப்பிலையை உருவிப் போட்டாள். அடுத்தது மஞ்சள். இங்கேதான் பவுனு தப்புப் பண்ணினாள். ஒரு குடத்துக்கு ஒரு பிடி என்பது வீட்டுக் கணக்கு. இந்தத் தொட்டி எத்தனை குடம் கொள்ளும் என்று மனசுக்குள் குடம் குடமாக ஊற்றிப் பார்த்து, அத்தனைக்கும் பிடி போட்டாள். அழகுமலை பஜாரிலிருந்து தோளில் சுமந்து வந்த மஞ்சள்தூள் பை காலியாயிற்று.

"ஏத்தா, புள்ளையக் குளிப்பாட்டப் போறியா, யானையக் குளிப்பாட்டப் போறியா?" என்றார் அழகுமலை.

"சும்மா இருங்கண்ணே. கொறையா ஊத்தி, ஆத்தா கோவிச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

உச்சி வெயிலில் தண்ணீர் இதமாகச் சுட்டது. ஜெசியை இறக்கினார்கள். அந்தப் பிள்ளை போட்ட ஆட்டத்தைச் சொல்லி முடியாது. வேப்பிலையைக் கையால் அள்ளித் தலைமேல் போட்டுக்கொண்டது. முங்கி எழுந்து "பவுனக்கா, நான் மஞ்சக் குருவி!" என்று கத்தியது. அமுதா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மூன்று தண்ணீர் ஊற்றுவது முறை. மிச்ச இரண்டும் அதே தொட்டியில், ஒவ்வொரு முறையும் இருட்டினபின் வடித்து விடியுமுன் நிரப்பி, அதே பிடிக் கணக்கில் ஊற்றி முடித்தார்கள். பீட்டர்ராஜ் வந்து அழைத்துப் போனபோது அமுதா பவுனின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கார் திரும்புகிற வரை ஜெசி கை ஆட்டிக்கொண்டே போனாள்.

பவுனு உள்ளமெல்லாம் குளிர்ந்து போய் வந்து, தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வடிய வடிய அவள் முகமும் வடிந்தது. தொட்டி முழுக்க மஞ்சள். உட்காருகிற இடம், சாய்கிற இடம், விளிம்பு, அடி எல்லாம் ஒரே மஞ்சள்.

எலுமிச்சம்பழம் தேய்த்தாள், புளி தேய்த்தாள், மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். கொஞ்சமும் அசையவில்லை. கடைசியில் துவைக்கிற சவுக்காரத்தைக் கரைத்து ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்தாள். தேய்த்த இடமெல்லாம் செக்கச் செவேலென்று ஆயிற்று. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆலத்தி, சவுக்காரம் சேர்த்தாலும் அதே சிவப்புத்தான். சேலையில் மஞ்சள் பட்டு சோப்புப் போட்ட எவளுக்கும் தெரிந்ததுதான். பதறிப் போனவளுக்கு எது ஞாபகம் வரும்? "அடி ஆத்தே!" என்று அவள் போட்ட சத்தத்தில் அழகுமலை மண்வெட்டியோடு ஓடி வந்தார்.

"என்னாத்தா இது, கெடா வெட்டுன எடம் கணக்கா இருக்கு?"

தண்ணீரை அடித்துக் கழுவக் கழுவச் சிவப்பு போய்ப் பழையபடி மஞ்சள் வந்தது. அந்த மஞ்சளைப் பார்த்து அவளுக்கு ஆறுதல்கூட வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அண்ணே, மொதலாளி பாத்தா என்ன சொல்வாக?"

அழகுமலைக்குப் பொய் சொல்லத் தெரியாது. சில நேரம் அதுவும் ஒரு குறைதான். "தூத்துக்குடியில ஒருத்தன் இரும்பு வாளியப் போட்டுத் தொட்டியக் கீறிப்புட்டான். அன்னிக்குப் பொழுது சாயிறதுக்குள்ள அவன் பெட்டிய வெளிய வச்சிட்டாகளாம்," என்றார்.

அவ்வளவுதான். பவுனு நீலத் தார்ப்பாய் ஒன்றை எடுத்துத் தொட்டியை மூடி, கயிறு கட்டி, சுற்றிலும் செங்கல் வைத்தாள். ஒரு பொட்டு வெயில் உள்ளே போகாதபடி அத்தனை கச்சிதமாக மூடினாள். பிறகு வந்த விருந்தாளிகளிடமெல்லாம் மோட்டார் ரிப்பேர் என்றாள். ஒவ்வொரு நாளும் தார்ப்பாயைக் கொஞ்சம் தூக்கிப் பார்ப்பாள், மஞ்சள் அப்படியே இருக்கும், மூடிவிடுவாள். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாலும் நிம்மதி வரவில்லை. இன்னும் எத்தனை நாளைக்கு இந்தத் தாழ்ப்பாள் என்றுதான் தோன்றியது.

விருந்தாளி யாரோ முதலாளியிடம் குறை சொல்லிவிட்டார்கள். ஆனி பிறந்த நேரம் அவர் போன் பண்ணினார்.

"ஏம்மா பவுனு, மோட்டார் ரிப்பேருன்னா எங்கிட்டச் சொல்ல மாட்டியா? ஞாயித்துக்கெழம மெக்கானிக்கக் கூட்டிட்டு வாரேன். தொட்டியத் தொறந்து வையி."

"சரிங்க மொதலாளி," என்றாள். வேறு என்ன சொல்வது?

அந்த வாரம் விருந்தாளி யாருமில்லை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எப்படியும் வெளியே போகத்தான் போகிறோம், போகிற இடத்தை முன்னாலேயே பார்த்து வைத்துவிடுவோம் என்று வெள்ளிக்கிழமை காலை அழகுமலையிடம் சாவியைக் கொடுத்துவிட்டுச் சின்னமனூருக்குப் பஸ் ஏறினாள். அண்ணன் வீட்டு நடையில் அவள் படுத்திருந்த இடத்தில் கூரை வரைக்கும் மூட்டை ஏறியிருந்தது.

"மதினி, அங்கன வேல நெலைக்குமான்னு தெரியல. ஒருவேள நான் வந்தா..."

மதினி கோபப்படவில்லை. அதுதான் பவுனை அதிகம் சுட்டது. "வாயேன். அந்த எடத்துல உளுந்து மூட்ட கெடக்கு. நீ வாரதுன்னா நகத்தச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, "வந்தது வந்துட்ட, ரெண்டு நாள் இருந்து இந்த உளுந்தப் பொடச்சுக் குடுத்துட்டுப் போ," என்று முறத்தை நீட்டினாள்.

வாசலில் உட்கார்ந்து புடைத்தாள். ஆனிக் காத்து ஆளைத் தூக்கிற்று. கணவாய் வழியாகப் புகுந்து வருகிற காத்து, தூசியையும் சருகையும் உளுந்துத் தோலையும் வாரிக்கொண்டு போனது. மேகத்தை ஒரு இடத்தில் நிற்க விடவில்லை. வெயில் பளீரென்று அடித்தது. "பவுனு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எழுந்து போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். "பவுனு!" என்று மறுபடியும் வந்தது. பதினைந்து வருஷம் இதை எப்படித் தாங்கினோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ் தாமதம். காட்டேஜ் கேட்டுக்கு வந்தபோது முதலாளியின் கார் உள்ளே நின்றது. அழகுமலை எதிரே வந்து என்னவோ சொல்ல வாயெடுத்தார். அவள் நிற்கவில்லை. மெக்கானிக் தொட்டியின் பக்கத்தில் குப்புறப் படுத்து மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தான். சுந்தர்ராஜ் இடுப்பில் கை வைத்து நின்றார். தார்ப்பாயைக் காணவில்லை. பார்த்துவிட்டார்கள், எல்லாம் முடிந்தது. பவுனு தொட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், முதலாளியின் செருப்பைப் பார்த்துக்கொண்டு கொட்டித் தீர்த்துவிட்டாள்.

"மொதலாளி, மோட்டார்ல ஒண்ணுமில்ல. நான் பொய் சொல்லிட்டேன். அந்தத் திண்டுக்கல் புள்ளைக்கு அம்ம போட்டிருந்துச்சு. தலைக்குத் தண்ணி ஊத்த நாந்தான் இதுல மஞ்சளக் கரைச்சேன். தேச்சுப் பாத்தேன், போகல. மூடி வச்சிட்டேன். என் சாமான எடுத்துக்கிட்டு நான் போயிர்றேன்."

"என்ன மஞ்சள்?" என்றார் சுந்தர்ராஜ்.

"தொட்டியில இருக்கே, மொதலாளி."

"தொட்டி வெள்ளையால்லா கெடக்கு? ஒனக்கு என்னம்மா ஆச்சு?"

பவுனு தலையைத் தூக்கினாள். தொட்டி வெள்ளையாக இருந்தது. வந்து இறங்கிய அன்றைய பால் வெள்ளை. கண்ணைக் கசக்கிக்கொண்டு கிட்டே போனாள். ஒரு மூலையில் மட்டும் கிழிந்த தார்ப்பாய்த் துண்டு ஒன்று செங்கலுக்கு அடியில் மாட்டியிருந்தது. செங்கலை நகர்த்தித் துண்டை உரித்தாள். அதன் அடியில் ஒரு முழ நீளத்துக்கு மட்டும் பளிச்சென்று மஞ்சள் இருந்தது.

"அதத்தான் சொல்ல வந்தேன்," என்றார் பின்னால் ஓடி வந்த அழகுமலை. "நீ போன அன்னிக்கே காத்து தார்ப்பாயப் பிச்சுக்கிட்டுப் போயிருச்சு. திராட்சப் பந்தல்ல கெடக்கு. நாளைக்கு எடுப்பம்னு விட்டுட்டேன். அப்பறம் பாத்தா தொட்டி வெளுத்துக்கிட்டே வருது. நானே அசந்துட்டேன்."

பவுனுக்குப் புரிந்துவிட்டது. மஞ்சள் பட்ட சேலையை எத்தனை முறை வெயிலில் காயப் போட்டிருப்பாள், எத்தனை முறை அது தானாக வெளுத்திருக்கும்! வெயில் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று நாள் முழுக்கத் தலைக்கு மேல் நின்றபோது, பொத்திப் பொத்தி அந்த மஞ்சளைக் காப்பாற்றி வைத்தது அவளேதான். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கப் பார்த்தாள், அடங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக் மோட்டாரின் வலைக்குள்ளிருந்து ஒரு பிடி காய்ந்த வேப்பிலையை எடுத்து நீட்டினான். முதலாளி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பவுனின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அந்தப் புள்ளைக்கு இப்பம் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லாயிருச்சு மொதலாளி. பள்ளிக்கூடம் போகுதாம். போன வாரம் அவுக அம்மா போன் பண்ணுனாக."

"தொட்டியக் கழுவினியா?"

"அவ கழுவுன கழுவுக்குத் தொட்டியே தேஞ்சிருக்கணும்," என்றார் அழகுமலை.

முதலாளி வேப்பிலையைச் செடிப் பக்கம் போட்டார். "இனிமே எது ஆனாலும் எங்கிட்டச் சொல்லு. மூடி வைக்காத. இவன வேற தூத்துக்குடியில இருந்து கூட்டிட்டு வந்திருக்கேன்," என்றவர், சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தார். "வந்ததுக்குத் தண்ணிய நெரப்பிச் சூடு பண்ணு. இத்தன தொட்டி வாங்கிப் போட்டேன், நான் ஒருநாளாவது உள்ள உக்காந்து பாத்திருக்கேனா? மெக்கானிக்குக்கு டீ குடு. எனக்கும் ஒண்ணு."

சாமான் எடுத்துக்கொண்டு போகிற பேச்சையே அவர் காதில் வாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வேட்டியோடும் பனியனோடும் தொட்டிக்குள் கழுத்தளவு இறங்கி, குமிழிக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, இங்கன அடிக்கிற குளிர் காத்துக்குத்தாம்ல இது சரி!" என்று அழகுமலையிடம் சொன்னார். மெக்கானிக் டீயை ஊதி ஊதிக் குடித்தான். பவுனு மத்தியானச் சோறு ஆக்கினாள். அன்றைக்குக் கடுகு வெடித்துத் தாளித்த வாசம் கேட் வரைக்கும் போனது.

எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிப் போனபின், பவுனு காட்டேஜ் போனை எடுத்து அண்ணன் வீட்டு நம்பரை அழுத்தினாள். மதினிதான் எடுத்தாள்.

"மதினி, பவுனு பேசுறேன். அந்த உளுந்து மூட்டைய நகத்தச் சொல்லாதீக. அங்கனயே கெடக்கட்டும். நான் வரல."

"ஏண்டி, வேல நெலைச்சிருச்சா?"

"நெலைச்சிருச்சு மதினி," என்றாள். "வச்சிர்றேன், எனக்குத் தூக்கம் வருது."

"பட்டப் பகல்லயா?"

"ஆமா மதினி, பட்டப் பகல்லதான்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் படுத்தாள். சாயங்காலம் வரை அவளை யாரும் கூப்பிடவில்லை.